லெக்காத்தித் 2013

துணி துவைக்கும் கடைக்கு மேல்மாடி.
கீழே உலர்த்தி எந்திரங்கள் ஒன்றாய்ச் சுழன்றால்
மேசைமேல் பேனா தானாக நகரும்.
சியூ ஃபால்ஸில், வியாழன் மாலை மட்டும்,
இந்த அறைக்கு வக்கீல் அலுவலகம் என்று பெயர்.
மற்ற நாளில் யோகா வகுப்பு.

என் வேலை 'நான்' என்று சொல்வது.
'இந்தப் பெண் சொல்கிறார்' என்று தொடங்கக் கூடாது,
அது விதி.
அவள் திக்ரிஞாவில் வாய் திறந்தால்
ஆங்கிலத்தில் நான் 'நான்' ஆகிவிட வேண்டும்.
ஆகவே இன்று ஐந்தே முக்காலிலிருந்து
இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறேன்.
ஒன்றை முதுகில் கட்டி
இடுப்பளவு ஆற்றைக் கடந்திருக்கிறேன்.
வாயில் வைக்காத பன்றியை
ராத்திரி ஷிஃப்டில் எட்டு மணி நேரம் அறுக்கிறேன்.
நல்லவேளை,
தன்மை வினைக்கு மீசையும் இல்லை, வளையலும் இல்லை.

மார்கிட் ஹௌகன் பனி பூட்ஸைக் கழற்றாமலே
பழைய விண்ணப்பத்தைப் புரட்டுகிறாள்.
அதை எழுதிக் கொடுத்தவன் வக்கீல் அல்ல.
செல்போன் கடையின் பின்கட்டில் ஒரு போர்டு,
ஒரு கழுத்துப்பட்டை,
இரண்டாயிரத்து இருநூறு டாலர்.
ரசீது கேட்டதற்குச் சிரித்தானாம்.

'2013 பிப்ரவரியில் ஓடி வந்தேன் என்றிருக்கிறது.
போர் தொடங்கியது 2020 நவம்பர்.
ஏழே முக்கால் வருடம் முன்னாலேயே
எதற்குப் பயந்தீர்கள்?'
இதையேதான் அதிகாரியும் கேட்டார்.
நம்பாமல் நீதிபதிக்கு அனுப்பிவிட்டார்.

அப்ரெஹெத் திரும்பச் சொல்கிறாள்:
லெக்காத்தித், 2013.
நான் திரும்பச் சொல்கிறேன்:
பிப்ரவரி, 2013.
மூன்றாம் முறை சொல்லும்போது
நாக்கில் ஏதோ இடறுகிறது,
அரிசியில் கல் மாதிரி.

தெரிந்துவிட்டது.
ஆனால் தெரிந்தவன் யார்?
'நான்' என்ற சொல்லை
அவளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன்.
என் வாயில் இப்போது எனக்கு இடமில்லை.

அதற்கும் ஒரு விதி உண்டு. கையை உயர்த்தி,
மூன்றாம் மனிதனைப் பற்றிப் பேசுவதுபோல்:
'மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல அனுமதி கேட்கிறார்.'

மார்கிட் நிமிர்ந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:
எங்கள் பக்கத்தில் மாதம் பதின்மூன்று.
கிறிஸ்து பிறந்த வருடத்தை வேறு மாதிரி எண்ணுகிறோம்.
அந்த ஊரின் லெக்காத்தித் 2013
இந்த ஊரின் பிப்ரவரி 2021.

உலர்த்தி நின்றது.
பேனா நின்றது.
எட்டு வருடம்
யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை,
கூட்ட மறந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்ரெஹெத் அழவில்லை.
'அவனுக்கு நான் கொடுத்த பணத்தில்
ஒரு காலண்டர் வாங்கியிருக்கலாம்' என்றாள்.
அதை நான் 'நான்' என்றே சொன்னேன்.
மார்கிட் சிரிக்கலாமா கூடாதா என்று பார்த்துவிட்டு
சிரித்தாள்.

சுவரில் கட்டண அட்டவணை:
வீட்டில் எத்தனை வாய், மாதம் எவ்வளவு வருமானம்.
மார்கிட்டின் விரல் நான்கு வாயில் இறங்கி
அறுபது டாலரில் நின்றது.
மாதம் பத்தாகக் கொடுத்தாலும் போதும்.
அவள் சட்டைப்பையிலிருந்து கால் டாலர் நாணயங்கள்,
கீழ்க்கடை எந்திரத்துக்கு வைத்திருந்தவை,
நாற்பது.
இந்த வாரத் துணி கையால்தான்.
ரசீதை நாலாக மடித்து
பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்தாள்.

தேதி திருத்தம் நாளை தபாலில் போகும்.
நீதிபதி நம்புவாரா, தெரியாது.
விசாரணைக்கு இன்னும் பத்தொன்பது மாதம்.

பனி பெய்கிறது. ஆலைவரை என் காரில் வருகிறாள்.
ஹீட்டர் சூடேறக் காத்திருக்கையில் கேட்டாள்:
'நீங்கள் எந்த வருடம் வந்தீர்கள்?'
நான்
(நெடுநேரம் கழித்து என் சொந்த நான்)
வருடத்தைச் சொன்னேன்.
'யார் கணக்கில்?' என்றாள்.