இரண்டு அங்குலம்

பிக்கரிங்கில் ஒருத்தன் விற்ற
பாவிச்ச ஸ்பிரிங் நாலு. நூற்றி நாற்பது டொலர்.
நீலப் பெயின்ற் உரிந்ததைக் காட்டி
நூற்றி இருபதுக்கு இறக்கினேன்.
மிச்ச இருபதுக்கு நானும் கஜீபனும்
கொத்துரொட்டி சாப்பிட்டோம்.

சுருளை நெரிக்கும் கருவி கடையில் இரவல்;
முற்பணம் கட்டினால் போதும்.
எட்டுப் பனிக்காலத்து உப்பு
போல்ட்டுகளை இரும்போடு இரும்பாக்கி வைத்திருந்தது.
ஒன்று கழன்றது.
ஒன்று முறிந்தது. அதற்கு ஒன்பது டொலர்.
அமுக்கிப் பிடித்த சுருளுக்கு முன்னால்
கஜீபன்கூடப் பகிடி விடவில்லை,
முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டு திருகினான்.

பின்னேரம் ஜாக்கை இறக்க
சிவிக் மெல்லக் குந்தியது.
சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில்
நாலு விரல் போன இடத்தில்
இப்போ ஒன்றரை.
இடது பக்கம் கொஞ்சம் சரிவு.
"நீ இருக்கிற பக்கம்தானே, சோத்தைக் குறை" என்றான்.

இரவு வேலைக்கு மார்க்கம் வீதியால் போகிறேன்.
பள்ளிக்கூடத்து ஒழுங்கையின் வேகத்தடையில்
நண்டு மாதிரிக் குறுக்கால் ஏற
பின்னால் வந்தவன் ஹோர்ன் அடிக்கிறான்.
எட்டு வருஷம் ஓடின தெரு,
இவ்வளவு மேடு இதில் எங்கே இருந்தது?
தண்ணிக் குழாய்க்கு வெட்டி ஒட்டின தார்,
லொறி நெரித்த பள்ளம்,
ஒவ்வொன்றும் நாரிக்குள் வந்து
தன் பேரைச் சொல்லிவிட்டுப் போகிறது.

நவம்பர் இருபது.
நாளைக்குப் பதினைந்து சென்ரிமீற்றர் பனி
என்கிறது ரேடியோ.
வேலைத்தலத்து வாகனத் தரிப்பிடத்தில்
முழங்காலில் நின்று ரேப் பிடிக்கிறேன்.
காருக்கும் தரைக்கும் இடையில்
பதினொன்று.