மறுபக்கத்துப் பாட்டுகள்

கிரே ஃபெர்ரி என்றொரு குழு இருந்ததை
வேலூரில் மொத்தம் மூன்று பேர் அறிவோம்.
ஒருவன் கத்தாருக்குப் போய்
இந்திப் பாட்டுக்கு மாறிவிட்டான்.
மீதி நானும் முனவ்வரும்.

லீட்ஸிலிருந்து வந்த மருத்துவ மாணவன் ஒருத்தன்
பாகாயத்தில் அறையைக் காலி செய்தபோது
பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட
இருபத்தாறு சின்ன இசைத்தட்டுகள்.
கிலோ நாலு ரூபாய்.
முன்பக்கமெல்லாம் ஒரே கீறல்,
அதைத்தான் போட்டுப் போட்டுத் தேய்த்திருக்கிறான்.
மறுபக்கம் ஊசியே படாமல் கருகருவென்று இருந்தது.
அப்படித்தான் நாங்கள்
மறுபக்கத்துக்காரர்கள் ஆனோம்.

சைதாப்பேட்டையில் அவன் மாமாவின் தோல் குடோன் மாடி.
கீழே உப்புப் போட்ட ஆட்டுத்தோல்,
மேலே சித்திரை மாதத்துத் தகரம்.
நடுவில் உட்கார்ந்து
நிற்காத தூறலைப் பற்றி
யாரோ நாலு பேர் சலித்துக்கொள்வதைக் கேட்டோம்.
பாலாற்றில் லாரி இறங்கி
மணல் அள்ளிக்கொண்டிருந்தது.

சண்டை அங்கே தொடங்கியது.
நான் முதல் காலம், எண்பத்தாறு முதல் எண்பத்தொன்பது.
அதில் டிரம்ஸ் எப்போதும் அரை அடி முந்தும்,
காட்பாடியில் நகரத் தொடங்கிய வண்டியில்
ஓடி ஏறுகிறவன் மாதிரி.
அவன் கடைசிக் காலம்.
பாடுகிறவனின் தொண்டை கிழிந்த பிறகு வந்தவை.
நடுவில் ஆர்கன் வைத்துக்கொண்டு திரிந்த மூன்று வருஷத்தை
இருவருமே சட்டை செய்யவில்லை.
ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

"இன்னாடா கொரலு இது,
தகரத்துல ஆணி இஸ்த மாதிரி" என்பேன்.
"ஆணிக்கும் சொல்றதுக்கு ஏதோ கீதில்ல" என்பான்.
அவன் நிக்காஹ் பந்தியில்
வாயில் சோற்றோடு இதைப் பேசினேன்.
என் மகள் ஞானஸ்நானத்தில்
பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றும்போது
பின் பெஞ்சிலிருந்து குனிந்து
'விளக்கறை' மறுபடி கேட்டியா என்றான்.

இருபத்திரண்டு வருஷம்.

போன செவ்வாய் அவன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.
கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய்.
கையில் மகளின் மேஜிக் சிலேட்டு,
ஓரத்தில் மஞ்சள் வாத்து.
நான் போனதும் எழுதிக் காட்டினான்:

முதல் காலம்தான். நீ சொன்னது சரி.

வயிறு கலங்கிவிட்டது எனக்கு.
கறி விலையில்கூட
விட்டுக்கொடுக்காதவன்.

நின்றபடியே ஆரம்பித்தேன்.
என் டிரம்மரை நானே திட்டினேன்.
முந்தி ஓடினானா, எண்ணத் தெரியாதுடா அவனுக்கு என்றேன்.
கடைசித் தட்டில் 'உப்புத்துறை', அதில் மூணாவது சரணம்,
குரல் உடைகிற இடத்தை
அவன் திரும்பப் பாடாமல் அப்படியே விட்டானே,
அது பாட்டா, அதுதான்டா பாட்டு என்றேன்.
நர்ஸ் இரண்டு முறை உஷ் என்றாள்.
பக்கத்துக் கட்டிலின் வங்காளப் பெரியவர்
போர்வையை விலக்கி என்னைப் பார்த்தார்,
யாரோ செத்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

முனவ்வர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.
குழாய் மட்டும் சீறிச் சீறி அடங்கியது.
பிறகு சிலேட்டின் பட்டையைச் சர்ரென்று இழுத்தான்.
அழிந்தது.
நெடுநேரம் எழுதினான்.

எலியேசர், நீ ஒழுங்கா கேட்டதே இல்ல.
மூணாவது சரணம் இல்ல. ரெண்டாவது.

ரெண்டாவதின் கீழே இரண்டு கோடு.

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
பார்வையாளர் நேரம் முடிய
இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.
"மூணாவதுதான்" என்றேன்.