நாலாவது தட்டு

கட்டை விரல் குனிய வேண்டும்.
அவ்வளவுதான் பாடம்.
சி, இ, ஜி என்று மூன்று விரல் இறங்கியதும்
உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து
அடுத்த சி-யை அது பிடிக்க வேண்டும்,
முழங்கைக்குத் தெரியாமல்.

என் முழங்கைக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.
பந்தியில் இடம் பிடிக்கிறவள் மாதிரி
இடித்துக்கொண்டு எழும்புகிறது.

அனுப்பர்பாளையம், மாடி வீடு,
காலை ஐந்தேகால், காதில் ஹெட்போன்.
எண்பத்தெட்டுக் கட்டை டிஜிட்டல் பியானோ,
கோவையில் ஒரு பல் டாக்டர் விற்றது.
மகள் கனடா போய்விட்டாளாம்.
அவள் ஒட்டிய ஸ்டிக்கரின் பசை
இரண்டு கட்டைகளில் இன்னும் பிசுபிசுக்கிறது.
எட்டு மணிக்கு நான் கம்பெனியில் இருக்க வேண்டும்:
டென்மார்க் பையருக்குக் கழுத்துப் பட்டை
அரை சென்டிமீட்டர் கூடிவிட்டது,
மன்னிப்பு, மறு சாம்பிள், மன்னிப்பு.
அதற்குள் நாலு ஆக்டேவ் ஆர்பெஜியோ
ஏறி இறங்குகிறேன்
ஒருவருக்கும் கேட்காமல்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நல்ல தண்ணி வந்த செவ்வாய்க்கிழமை
கீழ்வீட்டுச் சென்னியப்பன்
ஹோஸை அண்டாவுக்குள் விட்டபடி கேட்டார்:
"ஏனுங்க, காலைல மேல
என்ன மெசின் ஓட்டறீங்க?"

மெஷின் இல்லை, பியானோ.
சத்தம் வராதே, காதில் மாட்டிக்கொள்கிறேனே.
"சத்தம் வரலீங்க. தட்டறதுதான் வருது.
டொக்கு டொக்குன்னு, சீலிங்ல."

மூன்று மாதம்!
எனக்கு மண்டபம் நிறைய எதிரொலி.
அவருக்கு வெறும் மரம்.

நிறுத்திவிடுகிறேன் என்றேன்.
அதை அவர் காதில் வாங்கவில்லை.
"மூணு தட்டு சுத்தமா விழுது.
நாலாவது லேட்டு. விழறப்பவும் அமுக்கி விழுது.
அப்பறம் ரெண்டு நல்லாருக்குது, மறுபடியும் அதே.
ஊசி ஒண்ணு ஒடஞ்சிருக்குமுங்க."

வட்டப் பின்னல் மெஷினில் பத்தொன்பது வருஷம்.
ஓர் ஊசியின் கொக்கி போனால்
துணி நெடுகக் கோடு விழும்.
கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடுமாம்.
அந்தக் கோட்டைக் காட்டி
ரோல் ரோலாகத் திருப்பி அனுப்பும் மெயில்கள்
நான் எழுதுபவை.
அதை அவரிடம் சொல்லவில்லை.

பெர்னதெத் மிஸ்ஸும் இதையேதான்
ஞாயிறுதோறும் சொல்கிறார், இத்தாலியச் சொல்லில்.
அழகாகத் தலையாட்டிவிட்டு
பஸ் ஏறிவிடுவேன்.

மறுநாள் ஹெட்போனைக் கழற்றி
சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன்.
மெட்ரோனோம் நாற்பது.
மேஜரும் இல்லை, மைனரும் இல்லை,
எடை மட்டும்.
பெடல் போர்த்தியிருந்ததெல்லாம்
அம்மணமாக நின்றது.
டொக், டொக், டொக்,
ம்ம்,
டொக்கு.

சோம்பேறி இல்லை என் கட்டை விரல்.
பிளாட்பாரத்தில் டீ குடித்துவிட்டு
ரயில் நகர்ந்த பிறகு ஓடுகிறது.
இரண்டாம் விரல் இறங்கும்போதே
அது கிளம்பியிருக்க வேண்டும்.
இது இத்தனை எளிதென்றால்
இத்தனை நாள் ஏன் எரிச்சலாக இருந்தது?

அவருக்கு ராத்திரி ஷிப்ட் வரும் வாரங்களில்
கீழே யாருமில்லை.
தாராளமாக வாசிக்கலாம்.
அந்த வாரங்களில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

பதினோரு நாள் கழித்து மறுபடி தண்ணி.
அவராகத்தான் பேசினார்.
"செவுத்துப் பக்கம் இப்பச் சுத்தமா ஓடுதுங்க.
வாசப் பக்கம் ஒண்ணு ஒடஞ்சேதான் கெடக்குது."

வாசல் பக்கம் என்பது என் இடது கை.
மூன்றாம் விரலா, நான்காம் விரலா என்று
கேட்க வாயெடுத்தேன்.
அவர் ஹோஸை அடுத்த அண்டாவுக்கு
மாற்றிக்கொண்டிருந்தார்.