ஒப்பீட்டுக்கு ஒரு கை

ஹானோவரில் டிராம் ஓட்டுகிறேன்.
வாசிக்கத் தெரிந்த கருவி எதுவுமில்லை,
வண்டியின் மணியைச் சேர்க்காவிட்டால்.
அதனால்தான் என்னை எடுத்தார்கள்:
ஒப்பீட்டுக்கு ஒரு சாதாரணக் கை.
மணிக்குப் பன்னிரண்டு யூரோ. காபி இலவசம்.

கட்டைவிரல் மேட்டின்மேல்
ஹைகோ ஒரு சிறு அதிர்வுக் கருவியை ஒட்டினான்.
தோலுக்கடியில் வண்டு குடியேறியதுபோல்
உர்ரென்றது.
தலைமேல் எட்டு வடிவில் ஒரு கம்பிச்சுருள்.
அது சொடுக்கும்போதெல்லாம்
நான் கேட்காமலே விரல் துள்ளியது,
யாரோ என் வீட்டு அழைப்புமணியை
உள்ளேயிருந்து அடிப்பதுபோல்.

திரையைக் காட்டினான்.
"வண்டு இருக்கும் தசையில் கோடு உயர்கிறது,
பக்கத்துத் தசைகளில் தாழ்கிறது, பாருங்கள்.
ஒருவரைக் கூப்பிடும்போது
மற்றவர்களை உட்காரச் சொல்கிறது உங்கள் மூளை.
பாடப்புத்தகத்தில் போடலாம்."
திருகாணியை நழுவவிட்டே பழகிய கை,
முதன்முதலாகப் பாராட்டு வாங்கியது.

அடுத்து இல்ஸபே.
முப்பத்தோரு ஆண்டு பியானோ.
பார்க்க வேண்டுமென்றே
காலணிக் கயிற்றை மெதுவாகக் கட்டினேன்.
அதே வண்டு, அதே சுருள்.
மூன்று கோடுகளும் சேர்ந்து உயர்ந்தன.
ஒரு பெயரைக் கூப்பிட
வகுப்பே எழுந்து நின்றது.
ஹைகோ எதுவும் சொல்லவில்லை,
குறித்துக்கொண்டான்.

காபி இயந்திரத்தருகே
ஆரஞ்சை ஒரே நாடாவாக உரித்துக்கொண்டிருந்தாள்.
"எல்லாம் செய்யும் இந்தக் கை.
பொத்தான் போடும், ஊசியில் நூல் கோக்கும்."
மேசை விளிம்பில் விரல்களை நடக்கவிட்டாள்,
ஒன்றன்பின் ஒன்றாக, பிசகில்லாமல்.
பிறகு கண்ணை மூடி
"இப்போது இது பியானோ" என்றாள்.
மோதிரவிரலும் சுண்டுவிரலும்
நத்தை கொம்பை இழுத்துக்கொள்வதுபோல்
உள்ளங்கைக்குள் போயின.

வலிக்குமா என்றேன்.
"இல்லை. அதுதான் கஷ்டம்.
வலித்தால் யாரையாவது திட்டலாம்."

எனக்குத் தண்டவாளம்தான் தெரியும்.
அதிகம் ஓடும் வளைவில்தான்
இரும்பு முதலில் தேயும்.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
ஆரஞ்சுச் சுளை ஒன்றை நீட்டினாள்,
தின்றுவிட்டேன்.

வியாழக்கிழமைகளில் அவளுக்குப் பயிற்சியாம்.
கண்ணைக் கட்டிக்கொண்டு,
வண்டு இப்போது எந்த விரலில் என்று
சொல்ல வேண்டும். அவ்வளவே.
சரியாகச் சொன்னால் பக்கத்து விரல்
உட்காரக் கற்றுக்கொள்ளலாம் என்கிறான் ஹைகோ.
கொள்ளலாம் என்றுதான் சொன்னான்.
நேற்று இருபதுக்கு ஒன்பது.

இரண்டு மணி நேரத்துக்கு இருபத்துநான்கு யூரோ.
ரசீதில் கையெழுத்திடக் குனிந்தேன்.
எந்த விரலையும் நான் கூப்பிடவில்லை.
தேவையானவை வந்தன,
மற்றவை சும்மா இருந்தன.
அவள் பார்க்காதபடி
சற்றுத் திரும்பி நின்று போட்டேன்.