அவன் இன்னும் சுடவில்லை

அந்த நாளில் ஞாயிறு இரவு ஒன்பதுக்கு
ஏரிக்கரையில் ஒரு குதிரைக்காரனும் இருந்ததில்லை.
தேனிலவுக்கு வந்தவர்கள் வேண்டுமானால்
பனிக்குள் கைகோத்து நடந்துகொள்ளட்டும்.
நாங்கள் பதினோரு பேர்
நாயுடுபுரத்தில் ஜெசிந்தாவின் டீக்கடைக்குள்
பூண்டு மூட்டைகள்மேல் உட்கார்ந்து
‘புழுதிப் பாதை’ பார்த்துக்கொண்டிருப்போம்.

ஹோலிஸ் என்று பெயர் அவனுக்கு.
எங்கள் வாயில் ஓலீசு.
குரல் கொடுத்தவர் மதுரைப் பக்கமாக இருக்கவேண்டும்.
கொள்ளைக்காரன் நெஞ்சில் துப்பாக்கியை வைத்து
“என்னண்ணே, சௌக்கியமா?” என்பான்.
சுடுவதைவிட அதற்குத்தான் கைதட்டல்.

ஊரெல்லாம் அவன் முகத்தைப் பார்த்தது.
நாங்கள் கடிவாளத்தைப் பார்த்தோம்.
இடது பக்கம் சேணப்பட்டை தளர்ந்திருப்பதை
மூன்றாம் வாரமே கண்டுபிடித்தான் காசிம்.
“முதுகு புண்ணாயிரும்டா ஓலீசு!”
பெட்டியைப் பார்த்துக் கத்தினான்.
நாலாம் வாரம் பட்டை இறுகியிருந்தது.
காசிம் சொல்லித்தான் என்பதில்
இன்றுவரை எங்களுக்குச் சந்தேகமில்லை.

தொண்ணூற்றெட்டு, ஐப்பசி.
ஆறு தாண்டும்போது குதிரைக்கு முன்கால் முறிந்தது.
ஓலீசு இறங்கினான்.
சேணத்தைக் கழற்றினான்.
கம்பளியை மடித்து அதன் தலைக்கடியில் வைத்தான்.
பிறகு துப்பாக்கியை எடுத்து
வெகுநேரம் அதைத் துடைத்தான்.
தொடரும்.

அடுத்த ஞாயிறு அதே ஒன்பது மணிக்கு
ஒரு அம்மாள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பனியின் வேலை என்று நினைத்து
மூக்கன் கூரையேறி ஆன்டெனாவைத் திருப்பினான்.
எந்தப் பக்கம் திருப்பினாலும் வாழைப்பூ.
டி.வி. கோபுரம் எங்கள் தலைக்குமேல்தானே நிற்கிறது,
கேட்டுவிடலாம் என்று மேலேறிப் போனோம்.
“நாங்க அனுப்புறதோட சரி, மெட்ராஸ்ல கேளுங்க”
என்றார் காவல்காரர்.
கேட்டோம். ஆறு கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது:
மேற்படி தொடர், தயாரான நாட்டிலேயே
முப்பது ஆண்டுகளுக்குமுன் நிறுத்தப்பட்டுவிட்டது.

முப்பது ஆண்டு.
காசிம் கத்தியது யாருக்குக் கேட்டிருக்கும்?

அதற்காக விட்டுவிட முடியுமா.
ஓலீசு திரும்பி வரவேண்டுமென்று
மூக்கன் குறிஞ்சியாண்டவருக்கு மொட்டை போட்டான், முன்கூட்டியே.
இப்போது தலையில் முடியே இல்லை,
இனி எதைக் கொடுக்க என்று கேட்கிறான்.
குறிஞ்சி இரண்டு தடவை பூத்துவிட்டுப் போனது.
“பன்னெண்டு வருசமானாலும் அது வருதுல்ல,
இவனுக்கு என்ன கேடு?” என்றாள் ஜெசிந்தா,
டம்ளரை ஓங்கி வைத்து.

போன மே மாதம், சீசன் கூட்டம்.
ஈரக் கல்லில் என் செவலை சறுக்கினாள்.
முன்கால்.
முதுகில் இருந்த பையனுக்கு ஒன்றுமில்லை,
வாடகைத் தொப்பிதான் நசுங்கியது.
சேணத்தைக் கழற்றினேன்.
கம்பளியை மடித்துத் தலைக்கடியில் வைத்தேன்.
எங்கே கற்றேன் என்று அப்போது யோசிக்கவில்லை.
மாட்டு டாக்டர் ஊசியை ஏற்றும்போது
பின்னால் காசிம், எனக்கு மட்டும் கேட்கும்படி,
“தொடரும்” என்றான்.
கையை உயர்த்தி டாக்டரை நிறுத்தினேன்.
நிறுத்தினார். ஒரு பீடி நேரம்.
செவலை வலியில் பல்லைக் கடிக்கும் சத்தம்
ஒரு பீடிக்குமேல் தாங்கவில்லை.
தலையசைத்தேன்.

இப்போது மறுபடி எடுக்கப்போகிறார்களாம்.
காசிமின் மருமகன் எங்கோ கேட்டு வந்து சொன்னான்.
பதினோரு பேரில் மிச்சம் ஏழு பேர்
ஜெசிந்தா கடையில் கூடிக் கடிதம் எழுதினோம்.
சுட்டானா இல்லையா, சாவதற்குள் தெரியவேண்டும்
என்று மூக்கன் சொல்லச் சொல்ல
ஜெசிந்தா எழுதினாள்.

கையெழுத்துக்கு என்னிடம் வந்தபோது
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
ஐயா, ஆற்றிலிருந்து ஆரம்பிக்கவேண்டாம்.
பட்டையை இறுக்கிய வாரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.
வேறு வழியாகவும் போகலாம் அவன்.