இழுத்துப் பிடிங்க

புதுத் தகடு வந்த அன்று
அதன்மேல் முதலில் படுத்தது என் இடது கை.
டாக்டர் நவமணி பொத்தானை அழுத்தினார்.
நான்கே நொடி.
திரையில் இருபத்தேழு எலும்பு,
கூடவே நான் கழற்ற மறந்த மோதிரம்.
"ஊருக்கெல்லாம் கழட்டச் சொல்றவ நீ" என்றார்.

பேரணாம்பட்டில் எங்கள் கிளினிக்
ரொட்டிக் கடைக்கும் செருப்பு சோல் குடோனுக்கும் நடுவில்.
மெஷின் பழசு;
ஆம்பூரில் மூடிய நர்சிங் ஹோமிலிருந்து
மினி லாரியில் படுத்தபடி வந்தது.
தகடு மட்டும் புதுசு.
அறுபது தவணை. ஏழு கட்டியாயிற்று.
ஒவ்வொரு நெஞ்சையும் சுவரோடு நிறுத்தும்போது
ஐம்பத்து மூன்று, ஐம்பத்து மூன்று என்கிறது
மனசின் ஒரு மூலை.
பாவம்தான். ஆனாலும் என்கிறது.

இருட்டறைக்காக யாரும் என்னிடம் உருக வேண்டாம்.
பதினாறு வருஷம் அதற்குள் நின்றவள் நான்.
ஃபிக்ஸர் நெடி புடவையில் ஏறி
பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும்.
தோல் ஷாப் ஆட்கள் மட்டும் உட்கார்வார்கள்,
அவர்கள் நெடிக்கும் என் நெடிக்கும் சரியாய்ப் போகும்.
மே மாதம் கரண்ட் போனால்
டெவலப்பர் கொதித்துப் படம் கரியாகும்.
"இன்னொரு தடவை எடுக்கணும்" என்பேன்;
"இன்னொரு பிலிமுக்குக் காசு" என்றுதான்
அவர்கள் காதில் விழும்.
இப்போது அந்த அறையில் சலைன் பெட்டிகள்.

ஆனால் பிலிம் இல்லாததை
ஊர் இன்னும் மன்னிக்கவில்லை.
பவுனம்மாள் உடைந்த மணிக்கட்டை ஏந்தியபடி கேட்டாள்:
"காசு வாங்கினியே, பிலிம் எங்க?"
போனுக்கு அனுப்பியிருக்கேன்மா.
"போன் பையன்கிட்ட. பையன் ஓசூர்ல."
அவள் வீட்டு ஆணியில்
புருஷன் கால் எட்டு வருஷமாய்த் தொங்குகிறது,
ரேஷன் கார்டு பைக்குப் பக்கத்தில்.
கிரகணத்தன்று தெருவே இரவல் வாங்கி
அவர் முழங்கால் வழியாகத்தான் சூரியனைப் பார்த்தது.
வெள்ளைத் தாளில் ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.
எட்டு ரூபாய். கணக்கில் எழுதவில்லை.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"இதுல ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

இருட்டறையைக் காலி செய்தபோது
வெள்ளி எடுக்கிறவன் தராசோடு வந்தான்.
யாரும் வாங்க வராத கவர்கள் ஆறு கிலோ.
ஒன்றை எடுத்து டியூப் லைட்டில் காட்டினேன்:
குபேந்திரன், 41.
வலது மேல் ஓரம் பஞ்சு போல் வெள்ளை,
பஞ்சுக்குள் ஒரு ஓட்டை.
கவரின் மேல் சிவப்பு மையில், என் கையெழுத்தில்,
"அவசரம்."
வேலூரிலிருந்து பதில் வர அப்போது நான்கு நாள்.
நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு
எவன் திரும்பி வருவான்?
கிலோ என்ன விலை என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
முக்தியார் வந்தான். தோல் சீவுகிற வேலை.
இழுத்துப் பிடிங்க, என்றேன்.
பாதி இழுப்பதற்குள் இருமல் பிடுங்கிக்கொண்டது.
மறுபடி எடுத்தால் இப்போது காசு இல்லை.
கதிர் உண்டு.
அதனால் காத்திருந்தேன், அவன் நெஞ்சு அடங்கும் வரை.
இழுங்க. பிடிங்க.

திரையில் அதே ஓரம். அதே பஞ்சு.
விரலால் பெரிதாக்கி, ஒன்றும் சொல்லாமல்
(சொல்ல எனக்கு உரிமை இல்லை)
வேலூருக்கு அனுப்பினேன்.
பதினோரு நிமிஷம்.
ரொட்டிக் கடை டீயை அவன் குடித்து முடிக்கவில்லை.

டாக்டர் சளி டப்பாவைக் கையில் கொடுத்தார்:
"காலையில எழுந்ததும் முதல் சளி.
டிபின்னு உறுதியானா ஆறு மாசம் மாத்திரை."
அவன் என்னைப் பார்த்தான்:
"தவணை மாதிரியா அக்கா?"
ஆமாம். ஒன்றுகூட விடக் கூடாது.
சிரித்தான்,
சிரிப்பு இருமலாயிற்று.
வாயைப் பொத்து, என்றேன்.