பெரிய கப்பல்

விடிய ஐந்தரைக்கு நம்பர் எடுத்தோம். பதினேழு.
பாலையூற்றிலிருந்து வந்த ஓட்டோக்காரர்
ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக்கிடந்த மானுக்கு
ஹோர்ன் அடித்தார்.
தம்பி வயிற்றைப் பொத்திக்கொண்டு
"கப்பல் வந்திட்டு" என்றான்.

நிமலரூபன். வயது முப்பத்தி நாலு.
கிளினிக் கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில்
யாரோ எப்போதோ சிவப்பால் எழுதிய ஒரு சொல்.
எல்லோரும் பரிசோதிப்பது அந்தச் சொல்லைத்தான்.

மூன்று நாளுக்கு முன்
சுவரில் தலையை மோதுகிறான் என்று கூட்டிவந்தேன்.
"இவங்கள் அப்படித்தான்" என்றார் ஒருவர்,
என்னைப் பார்த்து.
தூக்கக் குளிசை அரையிலிருந்து ஒன்றானது.
தூங்கினான்.
வலி முழித்தே இருந்திருக்கிறது.

இன்று புது டொக்டர். ஃபஸ்மியா என்று சட்டையில்.
கதிரையை இழுத்து அவன் முன்னால் போட்டார்,
எனக்கு முன்னால் அல்ல.
"எங்க நோவுது, ரூபன்?"
பக்கத்தில் நின்ற மிஸ்ஸி, "ரிதெனவாத?"
இரண்டு மொழியிலும் கேட்டாயிற்று.
அவன் சட்டைப் பொத்தானைத் திருகியபடி
"கப்பல்" என்றான். "பெரிய கப்பல்."

மிஸ்ஸி யன்னலால் எட்டிப் பார்த்தார்.
கடலில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் சொன்னேன்,
எவரும் கேட்காததால் இத்தனை வருடம் சொல்லாததை:
ஏழு வயதில், உட்துறைமுக வீதியில்
சைக்கிளால் விழுந்து முழங்கை உடைந்த நேரம்
கப்பலொன்று ஊதியது.
அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நோவுக்குப் பெயர் அது.
பல்லில் கப்பல். காதில் கப்பல்.
அம்மா செத்த அன்று, நாள் முழுக்க,
எங்கே என்று காட்டத் தெரியாமல், கப்பல்.

டொக்டர் கைகளைத் தேய்த்துச் சூடாக்கி
"தொடட்டுமா?" என்று கேட்டு
அவன் தலையாட்டும் வரைக்கும் பொறுத்தார்.
வரிசை முணுமுணுத்தது. பதினெட்டு இருமியது.
வலப்பக்க அடிவயிற்றில் விரல் அழுந்தி எடுபட்டதும்
துறைமுகத்துக்கே கேட்கும்படி ஊதினான் ரூபன்.

பின்னேரமே வெட்டினார்கள்.
"இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால்" என்று தொடங்கிய சேர்ஜன்
வசனத்தை முடிக்கவில்லை.

இப்போது கொப்பியில்
சிவப்புச் சொல்லுக்கு மேலே, நீல மையில்:
கப்பல் என்றால் வலி.
பெரிய கப்பல் என்றால் உடனே பார்க்கவும்.
ஊசியை முதலில் காட்டவும், ஒளிக்க வேண்டாம்.
டியூப் லைட் மினுங்கினால் பயம்.
கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்,
வீட்டில் யோசித்து மிச்சத்தை எழுதும்படி.

நாலு நாளாக யோசிக்கிறேன்.
சந்தோசத்துக்கு அவன் என்ன சொல்வான் என்று
எனக்கே தெரியவில்லை.